ஒன்றரை அங்குலத் தேக்கு

கோட்டையூர்
12 ஜனவரி 2025

ராஜப்ரியா,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். வாட்ஸ்அப்பில் மூன்று வாரமாக ஒற்றை டிக். அதனால் கடிதம். உன் வீட்டு முகவரியை உன் அப்பாவிடம் வாங்கினேன். எழுதிக் கொடுக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

உன் சோதனைக்கூடத்துக்குப் பாக்கு டப்பாவில் வைத்து அனுப்பிய குண்டு வந்து சேர்ந்ததா? கூரியர்க்காரர் உள்ளே என்ன என்று கேட்டார். பழைய உலோகம் என்றேன். பொய் இல்லையே.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. உங்கள் சோதனைக்கூடத்தின் தாளில், முத்திரையோடு: இது ஜப்பானிய ராணுவத் துப்பாக்கிக் குண்டு. நாள் முழுக்கக் குண்டு துளைக்காத சட்டைகளைச் சுட்டுப் பார்ப்பவள் நீ. உனக்கு அரை மணி நேர வேலை.

எங்கள் வீட்டை விடுதியாகத் திறந்து ஆறு மாதம் ஆகிறது. வருகிறவர்கள் முதலில் நிற்பது எங்கள் பாட்டையா முத்துக்கருப்பன் செட்டியாரின் கனமான தேக்குக் கைப்பெட்டிக்கு முன்னால்தான். கண்ணாடிக்குள் வைத்திருக்கிறேன். பக்கத்தில் அவர் வாங்கிய பதக்கம். மேலே பலகை. அதன் வாசகம் இது:

‘1942. பர்மாவை விட்டு வரும் வழியில் பணியாள் செம்மலை எதிரிக்குக் கைகாட்டிவிட்டு ஓடிப்போனான். முத்துக்கருப்பன் செட்டியார் தனி ஒருவராக நின்று தம் நிலப் பத்திரங்கள் இருந்த இப்பெட்டியைக் காத்தார். இது ஜப்பானியக் குண்டு பாய்ந்த இடம்.’

செம்மலை உன் அப்பாவுக்குத் தாத்தா என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் ‘ஆசாரி’ என்று போடவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு எந்த வீடு என்று தெரியாது. பழைய கதை. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பிப்ரவரி கடைசியில் ஒரு பிரெஞ்சுக் குழு வருகிறது. அதற்குள் அனுப்பு. பள்ளத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் ஏழு வருஷம் ஒரே வகுப்பு. அதற்காகவாவது.

சொக்கலிங்கம்


ஓசூர்
19 ஜனவரி 2025

சொக்கலிங்கம்,

கேட்ட ஒரு வரியைத் தருகிறேன். இது ஜப்பானியக் குண்டு அல்ல.

எடை பதினொன்றேகால் கிராம். விட்டம் ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர். எக்ஸ்ரேயில் பார்த்தேன். செம்பு நிற உறைக்குள் பின்பக்கம் ஈயம், மூக்கு முனையில் அலுமினியம். இது பிரிட்டிஷ் ராணுவத்தின் த்ரீ நாட் த்ரீ துப்பாக்கிக் குண்டு. அன்றைய ஜப்பான் சிப்பாய்களில் பலர் கையில் இருந்தது ஆறரை மில்லிமீட்டர் துப்பாக்கி. அதன் குண்டு ஒன்பது கிராம். மெலிந்து நீண்டது. பின்னால் வந்த அவர்களுடைய இன்னொரு குண்டு பருமனில் இதற்குக் கிட்டே வரும். ஆனால் அதன் மூக்கில் அலுமினியம் கிடையாது.

அரை மணி நேர வேலை என்றாய். இருபது நிமிடம்தான் ஆயிற்று. மூன்று வாரம் போனது வேறு காரணத்தால்.

நவம்பரில் அப்பா உன் விடுதிக்கு எட்டு ஜன்னல் சட்டம் கொண்டுவந்தார். நீ ஊரில் இல்லை. இறக்கி வைத்துவிட்டு நின்றிருக்கிறார். உன் வழிகாட்டி நான்கு பேரைக் கூட்டிவந்து பலகையைக் காட்டி, இடது கையை நீட்டி, செம்மலை கைகாட்டியதை நடித்துக் காட்டியிருக்கிறான். ஓர் அம்மாள் அதைப் படம் எடுத்தாராம். அன்று மாலை அப்பா எனக்குப் போன் செய்தார். பலகையைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான்: “வேம்புல போட்டிருக்காகம்மா. வளையும்.”

அவர் ஏன் உன் முகத்தைப் பார்க்கவில்லை என்று இப்போது தெரிந்திருக்கும்.

யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்கிறாய். எங்கள் வீட்டுக்கு ஊரில் என்ன பெயர்? கைகாட்டி வீடு. செம்மலைத் தாத்தாவுக்கு இடது கை சாகும்வரை தூக்க வரவில்லை. மரத்தைக் காலால் மிதித்துக்கொண்டு ஒற்றைக் கையால் இழைத்தாராம். ஊர் அதற்கும் ஒன்று சொல்லிற்று: “காட்டுன கை, வெளங்காமப் போச்சு.” ஏழாம் வகுப்பில் கரும்பலகையில் ஒரு கை வரைந்து கீழே என் பெயரை எழுதியது யார், சொக்கு? எழுத்து அழகாக இருந்தது.

பர்மாவில் உங்கள் பெட்டியின் மேல் பாய்ந்தது வெள்ளைக்காரன் குண்டு. பக்கத்தில் நீ மாட்டியிருப்பது வெள்ளைக்காரன் பதக்கம். ஜப்பான்காரன் இல்லை என்றால் அவனுக்குக் கைகாட்டியவனும் இல்லை. பலகையைக் கழற்று.

ராஜப்ரியா


கோட்டையூர்
27 ஜனவரி 2025

ராஜப்ரியா,

படித்ததும் கிழிக்கத்தான் நினைத்தேன். கிழிக்காமல் பதில் எழுதுகிறேன்.

நானும் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். பின்வாங்கிய பிரிட்டிஷ் படை ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளைப் போட்டுவிட்டுப் போனது. எடுத்தவன் சுடுவான். ஜப்பான் கடற்படை த்ரீ நாட் த்ரீயைப் பார்த்து அதே அளவில் தோட்டா செய்தது. இதெல்லாம் உனக்குத் தெரியாதா? தெரிந்தும் மறைத்தாயா?

நீ எழுதியது சோதனை அறிக்கை மாதிரி இல்லை. உன் தாத்தாவுக்காக அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. என் பாட்டையா 1961 வரை இருந்தவர். இதைத் தன் வாயால் சொன்னவர். அவர் வார்த்தையைவிட எட்டு மில்லிமீட்டர் பெரிதா?

பதக்கத்தை எதற்கு இழுக்கிறாய்? கொடுத்தார்கள், வாங்கினார். அந்தக் காலம்.

கரும்பலகை விஷயம். எனக்குப் பன்னிரண்டு வயது. அப்படியா பேசுவது.

பெட்டியில் குண்டு பாய்ந்த இடத்தின் படத்தை இத்துடன் வைக்கிறேன். நேருக்கு நேர் வந்து பாய்ந்திருக்கிறது. தனி ஆளாக எதிரில் நின்றவரை நோக்கிச் சுட்டது. நன்றாகப் பார்.

சொக்கலிங்கம்


ஓசூர்
2 பிப்ரவரி 2025

சொக்கலிங்கம்,

நன்றாகப் பார்த்தேன்.

முதலில் நீ சொன்னதில் சரியானது. துப்பாக்கியைப் பிடித்தது யார் என்று குண்டில் எழுதியிருக்காது. கைவிட்ட துப்பாக்கியாக இருக்கலாம். கடற்படைத் தோட்டா என்பது எனக்குச் சந்தேகம். ஆனால் முடியவே முடியாது என்று கையெழுத்துப் போட மாட்டேன். ஜப்பான்காரன் இல்லை என்று போன கடிதத்தில் முடிவாக எழுதியது என் அவசரம். திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீயும் ஜப்பானியக் குண்டு என்று எழுத முடியாது.

இப்போது படம். வட்டமான துளை. வாய் ஓரத்தில் சுருள் சுருளாகப் பிசிறு. பன்னிரண்டு மில்லிமீட்டர் டிரில் பிட் போட்ட துளை இது. நான் தச்சன் மகள். எனக்கே இப்படி ஒரு படத்தை அனுப்புகிறாய்.

நீ அனுப்பிய குண்டு நேராகப் பாயவில்லை. மூக்கு நசுங்கவே இல்லை. நசுங்கியது ஒரு பக்கம், நீளவாக்கில். அது படுத்தபடி வந்து மரத்தில் மோதியிருக்கிறது. துளை நீளமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஒரு விரல் கிடையாகப் பதிந்த மாதிரி.

அதை வட்டமாக்கியது யார்?

உங்கள் வீட்டில் எண்பது வருஷம் ஒரே ஒரு சாட்சி வாயை மூடிக்கொண்டு இருந்தது. அதிலும் நீ டிரில் போட்டிருக்கிறாய். வெட்கமாக இல்லையா என்று கேட்க நினைத்தேன். கேட்டுவிட்டேன்.

ராஜப்ரியா


கோட்டையூர்
9 பிப்ரவரி 2025

ப்ரியா,

நான்தான் போடச் சொன்னேன்.

திறந்த புதிதில் வந்தவர்கள் கேட்டார்கள், குண்டு எங்கே என்று. காட்ட ஒன்றுமில்லை. முன்பலகை வழவழவென்று இருந்தது. உள்ளே குண்டு இருக்கிறது என்பது வீட்டில் எல்லோரும் சொல்லும் கதை. எந்த இடம் என்று யாருக்கும் தெரியாது. திருப்பத்தூரிலிருந்து காசி என்கிற தச்சரை வரவழைத்தேன். உன் அப்பாவைக் கூப்பிடவில்லை. ஏன் என்று இப்போது எனக்கே கேட்கத் தோன்றுகிறது.

காசி பலகையை அரைமணி நேரம் விரலால் தடவினார். பிறகு ஓர் இடத்தில் நகத்தை வைத்து, “இங்குட்டு அடைச்சிருக்காக. மரத்து ரேகையோட ரேகை சேத்து வச்சிருக்காக பாருங்க. ஏங்க, இது யாரு வேல? கண்ணுக்கே தெரியல” என்றார். ஊசி உளியால் நெம்பினார். ஒரு மரத்துண்டு முழுசாக வந்தது. அதற்குப் பின்னால் குண்டு.

துளை நீளமாகத்தான் இருந்தது. சாவி செருகும் இடம் மாதிரி. பார்த்தால் குண்டு பாய்ந்த மாதிரியே இல்லை. அடுத்த வாரம் வந்த ஒருவர், “பூட்டு உடைச்ச இடமா?” என்று கேட்டார். அதனால் அதைப் புதுத் துண்டால் அடைத்து, நடுவில் வட்டமாகத் துளை போடச் சொன்னேன். காசி மாட்டேன் என்றார். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

இதை எழுதும்போது முட்டாள்தனமாகத் தெரிகிறது. செய்யும்போது அப்படித் தெரியவில்லை.

அந்தத் துண்டை எறியவில்லை. வரவேற்பு மேசை இழுப்பறையில், அறைச் சாவிகளோடு கிடந்தது. அனுப்புகிறேன். அதே பாக்கு டப்பா.

ஆனால் ஒன்று. இதனால் என் பாட்டையா பொய்யர் ஆகிவிட மாட்டார்.

சொக்கலிங்கம்


ஓசூர்
23 பிப்ரவரி 2025

சொக்கு,

துண்டு வந்தது. முப்பத்திரண்டு மில்லிமீட்டர் நீளம். நடுவில் எட்டு அகலம். படகு மாதிரி. நீ அழித்த துளையின் அச்சு அப்படியே என் உள்ளங்கையில் இருக்கிறது. குண்டை அதன்மேல் படுக்க வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்துகிறது.

இதைச் செதுக்கியவர் யார் என்று காசி கேட்டார். அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். போனைக் கண்ணருகில் வைத்துக்கொண்டு துண்டைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னார். பிறகு சொன்னார்: “ஒத்தக் கையால செதுக்குனது. ஒரு பக்கந்தான் உளி ஓடியிருக்கு. திருப்பிப் பிடிக்கக் கை இல்ல.”

இனிச் சோதனை. விடுமுறை நாளில், என் மேலதிகாரியின் எழுத்து அனுமதியோடு செய்தது. செலவு என்னுடையது.

ஒன்றரை அங்குலத் தேக்குப் பலகைகள். உன் பெட்டியின் கனம். த்ரீ நாட் த்ரீயை நேராகச் சுட்டால் ஒரு பலகையைத் துளைத்து, பின்னால் வைத்த மூன்றையும் துளைத்துப் போகிறது. நிற்கவே இல்லை. எழுநூறு எண்ணூறு மீட்டர் தள்ளி நின்று சுட்டால் எவ்வளவு வேகம் மிஞ்சுமோ, அந்த அளவுக்கு வெடிமருந்தைக் குறைத்தோம். அப்போதும் ஒற்றைப் பலகையில் நிற்கவில்லை.

பிறகு பலகைக்கு முன்னால் ஜெலட்டின் கட்டி வைத்தோம். உடம்புச் சதைக்குப் பதிலாக எல்லாச் சோதனைக்கூடங்களிலும் வைப்பது. ஒரு மேல்கையின் கனம். உள்ளே ஒரு ஆட்டு எலும்பு. குறைந்த வேகத்தில் மூன்று தடவை சுட்டோம். ஒரு தடவை நேராகப் போயிற்று. இரண்டு தடவை குண்டு உள்ளே புரண்டு, படுத்தபடி வெளியே வந்து, பலகையில் கிடையாகப் பதிந்து நின்றது. இதற்கு மூக்குதான் காரணம். அலுமினியம் லேசு. பின்பக்கம் கனம். சதையில் பட்டதும் பின்பக்கம் முந்தப் பார்க்கும். ஜப்பானின் ஆறரை எங்களிடம் இல்லை. பழைய மருத்துவக் குறிப்புகளில் அது பெரும்பாலும் ஊசி போல நுழைந்து ஊசி போல வெளியேறும் என்றிருக்கிறது.

அப்பாவிடம் ஒன்று கேட்டேன். தாத்தாவின் இடது கையில் தழும்பு இருந்ததா என்று.

“ரெண்டு இருந்துச்சு. வெளிப்பக்கம் சுண்டக்கா அளவு. உள்பக்கம் கொய்யாப்பழத்தக் கடிச்ச மாதிரி. மரம் விழுந்துச்சுன்னு சொல்லுவாரு. மரம் விழுந்தா எப்புடி ஓட்ட விழும்னு நாங்களும் கேட்டதில்ல.”

உன் பெட்டியில் இருந்த குண்டு அதற்கு முன்னால் ஒன்றைத் துளைத்துவிட்டு வந்தது. இதற்குக் கையெழுத்துப் போடுவேன். அது செம்மலையின் கை என்பதற்குப் போட மாட்டேன். போட முடியாது. ஆனால் நான் அதை நம்புகிறேன். ஊர் எண்பது வருஷமாகக் கைகாட்டிய கை என்று சொன்னது குண்டு பட்ட கை.

அவர் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீங்கள் கேட்டீர்களா?

ராஜப்ரியா


கோட்டையூர்
3 மார்ச் 2025

ப்ரியா,

அறிக்கையை நான்கு தடவை படித்தேன். வழிகாட்டியைக் கூப்பிட்டு அந்தக் கைநீட்டலை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பலகையையும் கழற்றிவிட்டேன். உன் அப்பா சொன்னது சரிதான், வளைந்திருந்தது.

புதிய பலகை: ‘பர்மாவிலிருந்து வந்த கைப்பெட்டி. போர்க்காலக் குண்டு பாய்ந்தது. சுட்டவர் யார் எனத் தெரியவில்லை.’ இதில் யார் பெயரும் இல்லை. உன் வீட்டுக்கும் பழி இல்லை, என் வீட்டுக்கும் அவமானம் இல்லை. இதோடு முடித்துக்கொள்வோம். அவர் கை பெட்டிக்கு முன்னால் எப்படி வந்தது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஓடும்போது வேறெங்கோ பட்டிருக்கலாம்.

வீட்டில் எனக்கு இதனால் நல்ல ஏச்சு. பழைய பலகையைக் கழற்றியதற்கு வீட்டுப் பெரியவரான நாச்சியம்மை அயித்தை இரண்டு நாள் என்னோடு சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சமாதானம் செய்யப் போனேன். “பெட்டியையே எடுத்து உள்ளே வைத்துவிடட்டுமா அயித்தை, நான் தூக்கிக்கொண்டு வருகிறேன்” என்றேன். அவர் சிரித்துவிட்டார். “நீயா? இந்த வீட்டு ஆம்பளைக தூக்குற சாமானாடா அது? செம்மலை தூக்கியாந்து முகப்புல எறக்குனது. அதுக்குப் பெறகு நகத்துனதோட சரி. ஒங்க பாட்டையா தண்ணிச் செம்பக்கூடத் தூக்குனதில்ல” என்றார். கோபம் தீர்ந்து சாப்பிட்டார்.

சொக்கு


ஓசூர்
8 மார்ச் 2025

சொக்கு,

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை நீயே படித்தாயா?

வேடிக்கையாக எழுதியிருக்கிறாய். திரும்பப் படி. செம்மலை தூக்கிக்கொண்டு வந்து முகப்பில் இறக்கினார் என்று உன் அயித்தை சொல்கிறார். உப்புக் குறைவு என்று சொல்வது மாதிரிச் சொல்கிறார். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் போலிருக்கிறது. ஓடிப்போனவன் என்று சொன்ன அதே வாயால் அவர் பெட்டியைச் சுமந்து வந்ததையும் சொல்லியிருக்கிறீர்கள். எண்பது வருஷம். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே தட்டில். ஒருவருக்கும் தொண்டையில் சிக்கவில்லை.

நான் எக்ஸ்ரே எடுத்தேன். ஜெலட்டின் காய்ச்சினேன். பலகை வாங்கினேன். எதற்கு? உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடந்த ஒரு வாக்கியத்துக்காக.

உன் புதிய பலகையில் யார் பெயரும் இல்லை என்று பெருமைப்படுகிறாய். பழி சொல்லும்போது பெயர் இருந்தது. இப்போது பெயர் இல்லை. இதற்குப் பெயர் நியாயம் இல்லை, சொக்கு. துளையை வட்டமாக்கினாயே, அதே வேலை.

இனி நான் எழுத மாட்டேன்.

ராஜப்ரியா


கோட்டையூர்
20 மார்ச் 2025

ப்ரியா,

பதில் வேண்டாம். படித்தால் போதும்.

உன் கடிதம் வந்த அன்று மத்தியானம், விருந்தினர்கள் காரைக்குடிக்குப் போயிருந்த நேரம், கண்ணாடியைத் திறந்து பெட்டியை வெளியே எடுத்தேன். உள்ளே ஒன்றுமில்லை. வெறும் பெட்டி. குனிந்து இடது தோளில் ஏற்றினேன். இரண்டு தடவை நழுவியது. மூன்றாம் தடவை நின்றது. நிற்க வேண்டுமானால் இடது கையைத் தூக்கி, மடக்கி, முன்பலகையோடு அணைத்துப் பிடிக்க வேண்டும். வேறு வழியே இல்லை. வலது கையால் எட்டிப் பிடித்தால் நடக்க முடியாது.

அப்படியே முகப்பிலிருந்து வெளி வாசல் வரை போனேன். நாற்பத்தொரு அடி. அங்கே வாட்ச்மேனை நிறுத்தி, துளை எங்கே இருக்கிறது, பாருங்கள் என்றேன்.

அவர் சுற்றி வந்து பார்த்தார். “தெரியலையே தம்பி. ஒங்க கை மறைக்குது” என்றார்.

இறக்கி வைத்தேன். வாசல் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பாட்டையா ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளைக்காரன் கொடுத்த பதக்கத்துக்காக இருக்கலாம். எல்லோரும் கேட்கும்போது ஆசாரி காப்பாற்றினார் என்று சொல்லக் கூசியிருக்கலாம். அந்தத் துளையை ஒற்றைக் கையால், ரேகையோடு ரேகை சேர்த்து, யாருக்கும் தெரியாமல் அடைக்கச் செம்மலையிடம் சொன்னதும் பாட்டையாவாகத்தான் இருக்கும். இது என் ஊகம். நீ கையெழுத்துப் போட மாட்டாய்.

ஏழாம் வகுப்பில் அந்தக் கையை வரைந்தது நான்தான். போன தடவை வயதைச் சொல்லித் தப்பித்தேன்.

மூன்றாவது பலகை எழுதினேன். தேக்கு. ‘இப்பெட்டியைப் பர்மாவிலிருந்து சுமந்து வந்தவர் கோட்டையூர் செம்மலை ஆசாரி. வழியில் பிரிட்டிஷ் ராணுவ வகைக் குண்டு ஒன்று அவருடைய இடது கையைத் துளைத்து இதில் பாய்ந்ததாக நம்புகிறோம். அவர் ஓடிப்போனதாக இந்த வீடு சொல்லிவந்தது பொய்.’ கடைசி வரிக்கு அயித்தை மறுபடி சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறார். இந்தத் தடவை நான் சமாதானம் செய்யப் போகவில்லை.

மாட்டுவதற்கு முன்னால் உன் அப்பாவை வரச் சொன்னேன். நேற்று வந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பலகையின் விளிம்பைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். நான் காத்திருந்தேன். ஏதாவது சொல்வார், சரி என்றாவது சொல்வார் என்று.

“பழைய பலகை இருக்கா?” என்றார்.

முதலில் இருந்த வேம்புப் பலகையை எடுத்து வந்து கொடுத்தேன். இரண்டையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் சாய்த்து வைத்தார். இடுப்பிலிருந்து அளவு நாடாவை எடுத்து, பழைய எழுத்தின் உயரத்தை அளந்தார். புதியதையும் அளந்தார்.

“எழுத்து சிறுசா இருக்குய்யா. முந்தி போட்டிருந்த அளவுக்கே போடுங்க.”

வேறு பலகை எழுதக் கொடுத்திருக்கிறேன்.

சொக்கலிங்கம்